கொப்பிக்கு ஒரு குளிசை, வருத்தத்துக்கு ஒரு குளிசை

வயலில் நின்றவர்கள் முதலில் நினைத்தது, ஐயா விடியவே போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றுதான். சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எத்தனையோ வருடம் நடந்த வரம்பில் கால் வைக்கத் தெரியாமல் தடுமாறினார். அறுவடை மெசின்காரன் எத்தனை ஏக்கர் என்று கேட்டதற்கு, எப்போதோ செத்துப்போன தன் மாட்டைப் பற்றிப் பதில் சொன்னார். பெடியள் சிரித்தார்கள். கால்மணித்தியாலத்தில் வரம்பிலேயே சரிந்துவிட்டார்.

அவர் குடிக்கிற ஆள் இல்லை என்பது மனைவிக்குத் தெரியும். சாப்பாட்டுப் பார்சலோடு வந்தவர், பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சீனி வாங்கி வந்து வாய்க்குள் திணித்திருக்கிறார். 1990 இலக்க அம்புலன்ஸ் வந்து விரலைக் குத்திப் பார்த்தபோது இரத்தத்தில் சீனி 38. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. 54க்குக் கீழே போனால் மூளைக்குப் போகவேண்டிய சாப்பாடு போகவில்லை என்று அர்த்தம். பார்ப்பவர்களுக்கு அது வெறி மாதிரித்தான் தெரியும்.

நான் வன்னியில் அரச வைத்தியசாலை ஒன்றின் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். அன்று, 2023 பெப்ரவரி 8, அவரை எங்களிடம்தான் கொண்டுவந்தார்கள். அவருக்கு மாதாமாதம் குளிசை எண்ணிக் கொடுத்ததும் நான்தான். அதனால் இந்த நிகழ்வில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். சீனியின் எண்களையும் குளிசைக் கணக்கையும் மாற்றவில்லை.

நோயாளி

வயது 68. விசுவமடுப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல். மனைவியும் உயர்தரம் படிக்கிற பேத்தியும் வீட்டில். மகன் வெளிநாட்டில். சீனி வருத்தம் வந்து பதினொரு வருடம். 2022 நடுப்பகுதி வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்த் தனியாரில் ஒரு டொக்டரிடம் காட்டி வந்தார். அங்கே எழுதிக்கொடுத்தது டயமைக்ரோன் எம்.ஆர். 60 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டோடு ஒன்று. அதோடு சீனிக்கே இன்னொரு குளிசை, மெட்போமின் 500, காலையும் இரவும்.

அந்த வருடம் நடந்ததை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. டொலர் இருநூறு ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்குப் போனது. இறக்குமதியாகும் மருந்தின் விலை ஏறியது, பஸ் காசு ஏறியது, மண்ணெண்ணெய்க்கு வரிசை, டீசலுக்கு வரிசை. ஐயா யாழ்ப்பாணம் போவதை நிற்பாட்டிவிட்டு, ஜூலையில் எங்கள் கிளினிக்கில் பதிந்து, சீனியும் மருந்தும் எழுதுகிற கொப்பி போட்டார்.

கிளினிக் டொக்டர் பழைய துண்டைப் பார்த்துச் சரியாகத்தான் மாற்றி எழுதினார்: கிளிக்லசைட் 80 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. டயமைக்ரோன் என்பது கிளிக்லசைட்டை முதலில் கொண்டுவந்த கம்பனி அதற்கு வைத்த பெயர். கிளிக்லசைட் என்பது மருந்தின் சொந்தப் பெயர். ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயர் சொல்லியும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயர் சொல்லியும் கூப்பிடுகிற மாதிரி. மெட்போமின் அப்படியே தொடர்ந்தது.

நான் என் பங்குக்கு என்ன செய்தேன்? கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஐயா, வேற ஏதும் மருந்து எடுக்கிறியளோ?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை" என்றார். பின்னால் நூற்றுக்கும் மேலே ஆட்கள் நின்றார்கள். 60 வெள்ளைக் குளிசையை எண்ணி, சின்னக் கடதாசி உறையில் போட்டு, இங்கிலிஷில் மருந்தின் பெயரையும் பி.டி. (நாளுக்கு இரண்டு தடவை) என்றும் எழுதி, "காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு" என்று வாயால் சொல்லி நீட்டினேன். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வோட்டில்

ஐம்பது வீத டெக்ஸ்ட்ரோஸ் (சீனிக் கரைசல்) நாளத்தால் ஏற்றி ஐந்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். மெசின் வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாராம். சோறு கொடுத்தார்கள், சாப்பிட்டார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பிற்பகல் இரண்டு மணிக்கு மறுபடியும் வேர்த்தது. சீனி 52.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுவது. சாப்பிடாமல் சீனி இறங்கியவர் என்றால் சாப்பிட்டதும் சரியாகிவிடுவார். கிளிக்லசைட் போன்ற குளிசை செய்வது வேறு: வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், சதையியைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். குளிசை உடம்பில் இருக்கும்வரை அது நிற்காது. அதிலும் எம்.ஆர். என்பது மெல்ல மெல்ல, ஒரு நாள் முழுக்க மருந்தை விடுவிக்கும்படி செய்த குளிசை. ஆகவே ஒருமுறை ஏற்றி எழுப்பிவிட்டு ஆளை வீட்டுக்கு அனுப்பினால், இரவில் படுக்கையிலேயே மறுபடி இறங்கும், யாருக்கும் தெரியாது. இரண்டு இரவு மறித்து வைத்து டெக்ஸ்ட்ரோஸ் சேலைனோடு பார்த்தார்கள். இரத்தத்தில் கிரியற்றினின் 1.6. அவருடைய வயதுக்கு அது சிறுநீரகத்தின் வேலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்று காட்டும் எண். சிறுநீரகம் தளர்ந்த வயோதிபரில் சீனிக் குளிசை இன்னும் கடுமையாகப் பிடிக்கும்.

கொப்பியில் கிளிக்லசைட் நவம்பரிலிருந்து நாளுக்கு 240 ஆகக் கூட்டப்பட்டிருந்தது. வோட் டொக்டர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு அழைப்பெடுத்தார். "240 மில்லிகிராமில இப்பிடி வராதே. இந்த ஐயா வேற என்ன போடுறார்?"

பை

அடுத்த நாள் காலை அம்மா ஒரு சொப்பிங் பையும் பழைய பிஸ்கட் ரின் ஒன்றும் கொண்டுவந்தார். மருந்தகத்தின் உள்மேசையில் பேப்பரை விரித்துக் கொட்டினேன். எங்கள் கடதாசி உறைகள் ஒரு கட்டு, றப்பர் பாண்ட் போட்டு. வேறு யாருக்கோ எழுதிய அமொக்சிசிலின் கப்சூல் நாலு. பனடோல் கார்ட் மூன்று. காலம் முடிந்த ஒரு கண்துளி மருந்து. எல்லாவற்றுக்கும் அடியில், மடித்து வைத்த பெட்டியோடு, டயமைக்ரோன் எம்.ஆர். 60.

எண்ணத் தொடங்கினேன். மருந்தாளருக்குக் கை பழகிய வேலை அதுதானே.

ஜூலை முதல் ஒக்டோபர் வரை நாலு மாதத்துக்கு மாதம் 60 வீதம் 240 கிளிக்லசைட் கொடுத்திருக்கிறோம். அதில் 214 அப்படியே இருந்தது. தலா 90 குளிசை கொடுத்த நவம்பர், டிசம்பர் உறைகள் இரண்டும் வெறுமை. ஜனவரி 18 கிளினிக்கில் கொடுத்த 90 குளிசையில் மிச்சம் 28. மறுநாளிலிருந்து நாளுக்கு மூன்று வீதம் இருபது நாள், விழுந்த அன்று காலையில் இரண்டு: போடவேண்டியது 62, போட்டிருப்பதும் 62. ஒரு குளிசைகூடப் பிசகவில்லை. டயமைக்ரோன் 30 வாங்கியிருக்கிறார், 19 இருந்தது.

இந்த எண்களைக் கொப்பியிலுள்ள வெறும்வயிற்றுச் சீனியோடு பக்கத்தில் வைத்தால் கதை தானாக வருகிறது. ஜூலை முதல் ஒக்டோபர் வரை 124, 119, 128, 122. எல்லாம் நல்ல எண்கள். கிளினிக்கில் எல்லோரும் அரச மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தோம். உண்மையில் அந்த நாலு எண்ணும் எடுத்தபோது அவர் எங்களுடைய கிளிக்லசைட்டைத் தொடவே இல்லை. மகன் அனுப்பிய காசில் கிளிநொச்சி ரவுணில் பழைய பெட்டியைக் காட்டி டயமைக்ரோன் வாங்கிப் போட்டிருக்கிறார். ஒக்டோபரில் மகனின் காசு தடைப்பட்டது. வாங்கியது முடிந்ததும், எங்களுடைய உறையிலிருந்து நினைத்தபோது ஒன்று. 26 குளிசை போன வழி அது. நவம்பர் கிளினிக்கில் சீனி 214.

டொக்டர் என்ன செய்வார்? 160 காணவில்லை என்று நினைத்து, காலை இரண்டு இரவு ஒன்று என 240 ஆகக் கூட்டினார். கூடவே சத்தமும் போட்டார். அந்தச் சத்தம் வேலை செய்தது. நவம்பரும் டிசம்பரும் ஐயா ஒழுங்காக எங்கள் குளிசையை மட்டும் போட்டார். டிசம்பரில் 129, ஜனவரியில் 117.

பிறகு தைப்பொங்கலை ஒட்டி மகன் காசு அனுப்பினார். ஜனவரி 28, சனிக்கிழமை, ஐயா ரவுணுக்குப் போய் 30 குளிசை வாங்கினார். அடுத்த நாளிலிருந்து இரண்டும். காலையில் எங்கள் வெள்ளைக் குளிசை இரண்டு, டயமைக்ரோன் ஒன்று. இரவில் வெள்ளை ஒன்று. பதினொரு நாள் அப்படிப் போனது. டயமைக்ரோன் எம்.ஆர். 30 மில்லிகிராம், சாதாரண கிளிக்லசைட் 80 மில்லிகிராமுக்குச் சமன். அப்படியென்றால் எம்.ஆர். 60 என்பது 160. 240உம் 160உம் சேர்த்து நாளுக்கு 400. சாதாரணக் குளிசையில் ஒரு நாளைக்கு ஆகக்கூடியதே 320தான், அதுவும் சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு.

அப்படியும் பத்து நாள் தாங்கினார், நேரத்துக்குச் சாப்பிட்டதால். பதினோராம் நாள் காலை நாலரைக்குக் குளிசைகளை ஒரு பிளேன்ரீயோடு விழுங்கிவிட்டு வயலுக்குப் போனார், ஆறு மணிக்கு மெசின் வரும் என்று. மெசின் வேறு வயலில் புதைந்துபோய் பத்து மணிக்குத்தான் வந்தது. எட்டு மணிக்கே சாப்பாடு வேண்டுமா என்று கேட்டதற்கு "மெசின் வரட்டும்" என்றிருக்கிறார்.

ஏன் இரண்டும்?

இதைக் கேட்க நான் வோட்டுக்குப் போனேன். ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. பக்கத்து வாங்கிலில் இருந்து, "ஐயா, இந்த ரெண்டு குளிசையும் என்னென்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"இது உங்கட. கொப்பிக்கு," என்றார் வெள்ளைக் குளிசையைக் காட்டி. "போடாட்டில் டொக்டர் ஏசுவார். மற்றது வருத்தத்துக்கு."

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அந்தப் பதில். அவரைப் பொறுத்தவரை அவர் ஒரு மருந்தை இரண்டு தடவை போடவில்லை. மருந்து ஒன்றும், மரியாதை ஒன்றும் போட்டார். கவர்மெண்ட் குளிசைக்குப் பவர் காணாது, ஆகவே அதைக் கூடப் போடுவதால் கெடுதலும் இல்லை. கெட்டிக்காரத்தனமான கணக்குத்தான், அடிப்படை ஒன்று மட்டும் பிழை.

அப்புறம் அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. பேத்தி ஒருநாள் பெட்டியையும் உறையையும் பார்த்துவிட்டு, "தாத்தா, அது 60, இது 80. இதுதானே கூட?" என்று கேட்டிருக்கிறாள். இவர் சொன்ன பதில்: "இலக்கம்தான் பெரிசு. நான் போட்டுப் பார்த்தனான். அதில ஒண்டு இதில ரெண்டுக்குச் சரி."

அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி! எம்.ஆர். 60 ஒன்று, சாதாரண 80 இரண்டுக்குச் சமன். நாங்கள் படித்து மனப்பாடம் செய்த கணக்கை, ஒக்டோபரில் எங்கள் குளிசையை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அந்த மனிதர் தன் உடம்பில் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் காரணத்தை அரச மருந்தின் தரம் என்று எடுத்துக்கொண்டார். காரணம் குளிசை செய்த விதம். மெல்ல விடுவிக்கும் குளிசையில் குறைந்த அளவே போதும். இதை ஜூலையில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்: "ஐயா, நீங்கள் முந்திப் போட்ட ஒண்டு, இதில ரெண்டு. அதுக்குப் பதில்தான் இது." யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

சுவாரசியம் என்னவென்றால், மெட்போமினில் இந்தச் சந்தேகமே அவருக்கு வரவில்லை. எங்களுடைய மெட்போமினை ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "அது நல்ல பெரிய குளிசை பிள்ளை." கிளிக்லசைட் பாவம், சின்னன். அதுவும் தட்டுப்பாட்டுக் காலம் என்றபடியால் எங்களுக்கு ஒரே இடத்திலிருந்து மருந்து வரவில்லை. செப்டம்பரில் வந்தது முதல் வந்ததைவிடச் சற்று அகலம், நடுவில் கோடு இல்லை. மாதத்துக்கு மாதம் முகம் மாறுகிற குளிசையை யார் நம்புவார்? இதை வன்னி ஆட்களின் அறியாமை என்று தள்ளமுடியாது. 2014 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, மாரடைப்புக்குப் பின் பொதுப்பெயர் மருந்து, அதாவது கம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் வருவது, எடுத்தவர்களைப் பார்த்தது. குளிசையின் நிறம் மாறியபோது மருந்தை விட்டுவிடும் வாய்ப்பு 34 வீதமும், வடிவம் மாறியபோது 66 வீதமும் கூடியிருந்தது.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 214 குளிசையை ஏன் எறியாமல் ரின்னில் வைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "நாளைக்கு இல்லையெண்டால்?" என்றார். யுத்த காலத்தில் வன்னிக்குள் மருந்து எப்படி வந்தது, எவ்வளவு வந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் உடுப்புப் பையோடு மருந்துப் பையும் கட்டிய தலைமுறை அது. 2022 இல் ஆஸ்பத்திரியிலேயே மருந்து இல்லை என்ற செய்தி வந்தபோது, அந்தப் பழக்கம் சரிதான் என்று அவர்களுக்குப் பட்டிருக்கும்.

பொதுப்பெயர் மருந்து குற்றவாளியா?

விசயம் வெளியே தெரிந்ததும் ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது: ஆஸ்பத்திரிக் குளிசை போட்டு ஐயா விழுந்துவிட்டார். நேற்றுவரை பவர் இல்லாத குளிசை, இன்றைக்கு ஆளை விழுத்துகிற குளிசை! இரண்டையும் ஒரே வாயால்தான் சொன்னார்கள்.

ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். கம்பனி மருந்துக்குப் பதிலாகப் பொதுப்பெயர் மருந்தை அனுமதிக்கக் கேட்கும் முக்கியமான சோதனை, அது இரத்தத்தில் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு அளவு சேர்கிறது என்பது. ஆரோக்கியமான ஆட்களுக்கு இரண்டையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து, மணிக்கு மணி இரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். இரண்டுக்குமான விகிதம், அதன் 90 வீத நம்பக எல்லை (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) முழுவதுமாக, 80 வீதத்துக்கும் 125 வீதத்துக்கும் இடையில் விழவேண்டும். இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பொதுப்பெயர் மருந்தில் 20 வீதம் மருந்து குறைவாகப் போடலாமாம் என்று படித்தவர்களே சொல்லித் திரிகிறார்கள். அப்படி இல்லை. எல்லையின் இரண்டு முனையும் உள்ளே நிற்கவேண்டுமென்றால், சராசரி நடுவுக்குக் கிட்டத்தான் இருக்கமுடியும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரை வந்த 2,070 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உடம்பில் சேர்ந்த மொத்த அளவில் சராசரி வித்தியாசம் மூன்றரை வீதம் அளவுதான்.

எல்லா மருந்துக்கும் இப்படிக் கைவிரித்துச் சொல்லமாட்டேன். வலிப்பு மருந்து பெனிட்டோயின் மாதிரி, கொஞ்சம் கூடினால் நஞ்சு, கொஞ்சம் குறைந்தால் வலிப்பு என்று கயிற்றில் நடக்கிற மருந்துகள் உண்டு. 1968 இல் அவுஸ்திரேலியாவில் பெனிட்டோயின் கப்சூலில் மருந்தை மாற்றாமல், நிரப்பிப் போட்ட கல்சியம் சல்பேற்றை மட்டும் லக்ரோசாக மாற்றினார்கள். மருந்து உடம்பில் கூடச் சேர்ந்து, பலர் தலைசுற்றித் தள்ளாடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2013 இல் பிரித்தானிய மருந்து நிர்வாகம் பெனிட்டோயின், காபமசெபின், பினோபாபிற்றோன், பிரிமிடோன் ஆகிய நாலுக்கும், ஒருவர் எந்தத் தயாரிப்பில் இருக்கிறாரோ அதிலேயே வைத்திருங்கள் என்று அறிவுறுத்தியது. இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வோபரின் எடுப்பவரும், தயாரிப்பு மாறினால் இரத்தச் சோதனையை முந்திச் செய்துபார்ப்பது நல்லது. சீனிக் குளிசை, பிரஷர்க் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை இந்த வரிசையில் இல்லை.

இலங்கையில் இருந்துகொண்டு பொதுப்பெயர் மருந்தைக் கண்டு பயப்படுவது கொஞ்சம் வேடிக்கையும்தான். உலகம் இதைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்னரே செய்து காட்டிய நாடு இது. பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் அதன் சொந்தப் பெயரில், போட்டி விலையில் வாங்கும் வழியைக் கொண்டுவந்தார். அதே எண்ணத்தைப் பிறகு உலக சுகாதார நிறுவனமும் எடுத்துக்கொண்டது. ஐயாவுக்குப் பிடித்த அந்தப் பெரிய மெட்போமின் குளிசைகூட அந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைதான்.

எனவே இந்த நிகழ்வில் மருந்து எதுவும் பிழை செய்யவில்லை. டயமைக்ரோன் செய்யவேண்டியதைச் செய்தது, கிளிக்லசைட்டும் செய்தது. இரண்டும் ஒன்றே என்பதை ஐயாவிடம் யாரும் சொல்லாததுதான் அவரை வரம்பில் விழுத்தியது. மாற்றுகிற அன்று புதியதைக் கொடுத்த எங்களில் ஒருவரும் பழையதை நிற்பாட்டச் சொல்லவில்லை. துண்டில் ஒரு மருந்தை வெட்டிவிட்டு இன்னொன்றை எழுதினால் டொக்டருக்கு அது மாற்றம். கடதாசி உறையை மட்டும் காண்கிற ஐயாவுக்கு அது ஒரு கூடுதல் குளிசை.

அந்த 19 குளிசை

வீட்டுக்கு விடும்போது ஒரு பிரச்சினை வந்தது. மிச்சமிருந்த டயமைக்ரோனைத் தரமாட்டேன் என்றார் ஐயா. மகன் அனுப்பின காசு. நான் எறியச் சொல்லியிருப்பேன். வோட் டொக்டர் என்னைவிடப் புத்திசாலி.

சிறுநீரகத்தையும் வயதையும் பார்த்து, இனி நாளுக்குச் சாதாரண கிளிக்லசைட் 80 ஒன்று போதும், காலைச் சாப்பாட்டோடு, என்று முடிவெடுத்திருந்தார். அதற்குச் சமன் எம்.ஆர். 30. டயமைக்ரோன் எம்.ஆர். 60 குளிசைக்கு நடுவில் கோடு உண்டு. அதை இரண்டாக முறிக்கலாம், ஆனால் நசுக்கவோ கடிக்கவோ கூடாது. ஆகவே: 19 குளிசையையும் பாதி பாதியாகப் போட்டு முடியுங்கள், 38 நாள். அதுவரை எங்களுடைய கிளிக்லசைட்டைத் தொடவேண்டாம். 39ஆம் நாள் அது முடிந்ததும் இது. ரின்னிலிருந்த பழைய வெள்ளைக் குளிசைகளை நான் வாங்கிக்கொண்டேன். அதற்கு ஐயா மறுப்புச் சொல்லவில்லை, மதிப்பில்லாததுதானே.

அம்மாவுக்கு இன்னொன்றும் சொன்னேன். வேர்வையும் நடுக்கமும் வந்து, ஆள் நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொருமுறை கொடுங்கள், பிறகு சோறு. நினைவு தப்பியவரின் வாயில் ஒன்றும் போடக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். "அப்ப பார்த்துக்கொண்டு நிக்கிறதோ?" என்று கேட்டார். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்துவிட்டு 1990க்கு அடியுங்கள் என்றேன். அன்றைக்குச் சீனி உள்ளே போகாமல் வாயோரத்தால் வழிந்தது அதிர்ஷ்டம் என்று அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 15 கிளினிக்கில், டயமைக்ரோன் பாதிக் குளிசையில் இருந்தபோது, வெறும்வயிற்றுச் சீனி 147. அறுபத்தெட்டு வயதில் ஒருமுறை விழுந்தெழும்பியவருக்கு இந்த எண் போதும். 110க்கு இறக்க ஆசைப்படக்கூடாது. ஏப்ரல் 19, எங்களுடைய குளிசைக்கு வந்து ஒரு மாதம்: 151. இரண்டு எண்ணையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அருகில் வைத்துப் பார்த்தார்.

"நாலு கூடத்தானே?"

"வருசத்துக்குப் பலகாரம் திண்டது ஆர்?" என்றார் பின்னால் நின்ற அம்மா.

எங்கள் பக்கத்தில் மாறியது கொஞ்சம்தான். தனியாரிலிருந்து வருபவர் முதல் நாள் வீட்டிலுள்ள மருந்துப் பை முழுவதையும் கொண்டுவந்தால்தான் கொப்பி என்று வைத்திருக்கிறோம். "வேற மருந்து எடுக்கிறியளோ?" என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன், அதற்கு "இல்லை" என்ற ஒரு பதில்தான் உண்டு, வெளியில் வாங்குவது தெரிந்தால் ஏச்சு விழும் என்று எல்லோருக்கும் பயம். இப்போது "காசு குடுத்து வாங்கின குளிசை வீட்டில எத்தனை மிச்சம் கிடக்கு?" என்று கேட்கிறேன். உடனே எண்ணிக்கையே வருகிறது. உறையின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் தமிழில், பழைய பெயரை எழுதி, "இதற்குப் பதில். இரண்டும் சேர்த்துப் போடவேண்டாம்" என்று எழுதுகிறோம். சனம் கூடிய நாளில் அது எல்லா உறைக்கும் போவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் மாதம் மறுபடியும் வேறு இடத்துக் குளிசை வந்தது. இந்தமுறை கொஞ்சம் மஞ்சள் ஓட்டம். ஐயா யன்னலடியிலேயே உறையைத் திறந்து உள்ளங்கையில் ஒன்றைக் கொட்டி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிள்ளை, இதுவும் அதுதானோ?"

"அதுதான் ஐயா."

உறையைத் திருப்பிப் பார்த்தார். அவசரத்தில் பின்பக்கம் எழுத மறந்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் யன்னலுக்குள்ளால் திருப்பி நீட்டினார். சிவப்புப் பேனாவைத் தேடினேன்.